விண்மீன் ஒளியைக் காத்தவர்

பட்டாபிராம், ஆவடி போன்ற நகர்ப்புறங்களின் விளக்கொளியில் மங்கலான விண்மீன்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவற்றின் சிற்றொளியை ஆராய இருண்ட வானமும் திறன்மிக்க கருவியும் வேண்டும். இவ்விரண்டையும் தமிழகத்தில் அமைத்துத் தந்தவர் வானியலறிஞர் வைணு பாப்பு.

1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார் பாப்பு. தந்தை ஐதராபாத் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியதால் இளமையிலேயே தொலைநோக்கியுடன் பழகினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, 1949இல் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1952இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர் ஓலின் வில்சனுடன் இணைந்து விண்மீன்களின் நிறமாலையை ஆராய்ந்தார். வெப்பம் குறைந்த விண்மீன்களில், கால்சியத்தின் ‘கே’ வரியின் நடுவே தோன்றும் உமிழ்வின் அகலம் அவற்றின் உண்மையான ஒளிர்வுக்கு ஏற்ப மிகுவதை இருவரும் 1957இல் வெளியிட்டனர். ஒளிர்வு தெரிந்தால் தொலைவைக் கணக்கிடலாம். இதுவே வில்சன்–பாப்பு விளைவு எனப்படுகிறது.

இத்தகைய நுட்பமான அளவீட்டுக்கு நிறமாலை வரைவி தேவை. தொலைநோக்கி திரட்டும் ஒளி, குறுகிய பிளவின் வழியே நுழைந்து, இணையாக்கியால் இணைகதிர்களாகி, கீற்றணியால் நிறங்களாகப் பிரிந்து, ஒளிப்படக் கருவியில் பதிகிறது. பிளவை அகலமாக்கினால் ஒளி மிகும், வரிகளோ மங்கும். குறுக்கினால் வரிகள் தெளியும், ஒளியோ குறையும். ஐந்து பரப்புகள் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கை இழந்தால், இறுதியில் எஞ்சுவது ஏறத்தாழ 59 விழுக்காடே. எனவே பரப்புகளைக் குறைத்து, ஒளியை வேண்டிய திசையில் செலுத்தும் கீற்றணியைத் தேர்வதே வடிவமைப்பின் உயிர்நாடி.

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார் பாப்பு. சூரியனை ஆராய்வதற்கென எழுந்த அந்நிலையத்திலிருந்து விண்மீன் ஆய்வுக்கும் வழிதேடி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கு 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் செயற்படத் தொடங்கின. கருவிகளைப் பிறநாட்டிலிருந்து வாங்குவதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. 2.34 மீட்டர் தொலைநோக்கியை வடிவமைக்கும் பணியையும், அதன் ஆடியைத் தேய்த்து மெருகூட்டும் பணியையும் இந்தியாவிலேயே மேற்கொள்ளச் செய்தார்.

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். பெருந்தொலைநோக்கி நிறைவுறும் முன்பே, 1982 ஆகஸ்டு 19 அன்று மியூனிக் நகரில் காலமானார். 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அத்தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கியது. தம் கண்ணால் காணாத ஒரு கருவிக்காக அவர் உழைத்த உழைப்பு, காவலூர் வானின் சிற்றொளியைப் பின்வந்தோர்க்குத் திரட்டித் தந்தது.