டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி: அயல்நாட்டில் கற்றதைச் சமுதாயத்திற்குக் கொடுத்த மருத்துவர்

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அந்த மருத்துவமனை இருக்கும் பகுதியின் பெயர் அன்சாரி நகர். டெல்லி தரியாகஞ்சில் புத்தகக் கடைகளும் பதிப்பகங்களும் நிறைந்த வீதிக்குப் பெயர் அன்சாரி சாலை. இந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. மருத்துவம் படிக்கவும் மருத்துவராகப் பணியாற்றவும் நம் வீட்டுப் பிள்ளைகள் கடல் கடந்து செல்லும் இக்காலத்தில், நூறாண்டுகளுக்கும் முன்பே அந்தப் பாதையில் நடந்த அவரைப் பற்றி நாம் அறிந்துகொள்வது அவசியம்.

முக்தார் அஹ்மத் அன்சாரி 1880 டிசம்பர் 25 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்திலுள்ள யூசுஃப்பூரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தில் யூனானி மருத்துவம் வேரூன்றியிருந்தது. மூத்த சகோதரர் ஹகீம் அப்துல் வஹ்ஹாப் அன்சாரி பார்வையற்றவர். நாடி பிடித்தே நோயறியும் திறமையால் ஹகீம் நாபினா என்று பெயர் பெற்றவர். கவிஞர் அல்லாமா இக்பால் தமது கடைசி ஆண்டுகளில் சிகிச்சை பெற்றது அவரிடம்தான். இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்த முக்தார், ஆங்கில மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். அதற்காக அவர் படிக்க வந்த இடம் நம் சென்னை மருத்துவக் கல்லூரி.

பிறகு கல்வி உதவித்தொகை பெற்றுப் பிரிட்டன் சென்றார். எடின்பரோவில் படித்து, 1905-ஆம் ஆண்டு மருத்துவத்திலும் அறுவை சிகிச்சையிலும் உயர் பட்டங்கள் பெற்றார். அதன்பின் லண்டனில் லாக் மருத்துவமனையிலும் சாரிங் கிராஸ் மருத்துவமனையிலும் பணியாற்றினார்.

அது பேரரசு உச்சத்தில் இருந்த காலம். ஆளப்படும் நாட்டிலிருந்து வந்த ஒருவர், ஆளும் நாட்டின் தலைநகரில் வெள்ளையர்களின் உடலில் கத்தி வைப்பதைப் பலரால் ஏற்க முடியவில்லை. சாரிங் கிராஸில் அவர் அறுவை சிகிச்சைப் பிரிவில் நியமிக்கப்பட்டபோது, சொந்த நாட்டு இளைஞர்கள் இருக்க ஓர் இந்தியருக்கு இந்த இடமா என்று ஆட்சேபம் கிளம்பியது. தகுதியைப் பார்த்தே நியமித்தோம் என்பதில் மருத்துவமனை நிர்வாகம் உறுதியாக நின்றது. அன்சாரியும் தம் வேலையைத் தொடர்ந்தார். இன்று பிளாப் தேர்வு எழுதி இங்கிலாந்து மருத்துவமனைகளுக்குச் செல்லும் நம் இளம் மருத்துவர்கள், தங்களுக்கு முன்னால் அந்த வாசலில் நின்றவர்களில் இவரும் ஒருவர் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

லண்டனிலேயே இருந்திருந்தால் அவர் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ நாடு திரும்பி டெல்லியில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். யூனானி மருத்துவத்தின் பெரும்புள்ளியான ஹகீம் அஜ்மல் கானும் ஆங்கில மருத்துவரான அன்சாரியும் அங்கே இணைபிரியாத நண்பர்களானார்கள். இரண்டு மருத்துவ முறைகளுக்கும் இடையே போட்டி மூண்டிருந்த காலத்தில், இந்த நட்பு இறுதிவரை நீடித்தது.

1912 அக்டோபரில் பால்கன் போர் மூண்டது. உஸ்மானியப் பேரரசின் படைகள் பல முனைகளில் தோற்றுப் பின்வாங்கின. தலைநகர் இஸ்தான்பூலுக்கு அருகிலுள்ள சடால்ஜா அரண் வரிசைவரை போர் வந்துவிட்டது. குண்டடிபட்டவர்களோடு காலராவால் விழுந்தவர்களும் மருத்துவமனைகளில் குவிந்தார்கள். மௌலானா முஹம்மது அலி தமது காம்ரேட் பத்திரிகை மூலம் நிதி திரட்டினார். இந்திய முஸ்லிம்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு மருத்துவக் குழு புறப்பட்டது. தலைமை, அன்சாரி.

1912 டிசம்பரில் பம்பாயிலிருந்து கப்பலேறிய அந்தக் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். எல்லோரும் மருத்துவர்கள் அல்லர். அலிகரில் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் பலர், காயத்திற்குக் கட்டுப்போடவும் நோயாளிகளைத் தூக்கவும் தாங்களாகவே முன்வந்து சேர்ந்தவர்கள். கடுங்குளிரில், மொழி தெரியாத நாட்டில், அவர்கள் கள மருத்துவமனை அமைத்துச் சேவை செய்தார்கள். 1913 கோடையில் குழு நாடு திரும்பியது.

குழுவில் ஒருவர் மட்டும் திரும்பவே இல்லை. பெஷாவரைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் என்ற அந்த இளைஞர் துருக்கியிலேயே தங்கினார். பிற்காலத்தில் துருக்கியின் தூதராக ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்படும் அளவுக்கு அந்த மக்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றார்கள். 1925-இல், வேறொருவர் என்று தவறாக எண்ணிச் சுட்டதில் அவர் இஸ்தான்பூலில் உயிரிழந்தார்.

லண்டனிலும் இஸ்தான்பூலிலும் அன்சாரி அயல்நாட்டவராகவே இருந்தார். ஓரிடத்தில் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள், மற்றோரிடத்தில் சகோதரராக வரவேற்றார்கள். அவர் செய்த வேலையோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான். லண்டனில் பழகிய கைதான் துருக்கியச் சிப்பாயின் உடலிலிருந்து குண்டை எடுத்தது. தம்மை வேண்டாம் என்று சிலர் சொன்ன இடத்தில் பொறுமையோடு கற்றுக்கொண்டதால்தான், வாருங்கள் என்று அழைத்த இடத்தில் அவரால் பயன்பட முடிந்தது.

நாடு திரும்பியபின் அவருடைய வாழ்க்கை அரசியலோடு கலந்தது. கிலாஃபத் இயக்கத்தில் முன்னணியில் நின்றார். 1920-இல் நாக்பூரில் நடந்த முஸ்லிம் லீக் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவரானார். அந்த மாநாடு நடந்தது, அவர் மருத்துவ மாணவராக இருந்த சென்னையில். முழு விடுதலையே நாட்டின் இலக்கு என்ற தீர்மானமும், சைமன் குழுவைப் புறக்கணிக்கும் தீர்மானமும் அங்கேதான் நிறைவேறின. மாநாடு முடிந்த கையோடு, டிசம்பர் 29 அன்று, நண்பர் ஹகீம் அஜ்மல் கான் காலமானார்.

நண்பர் விட்டுச்சென்ற பெரும் சுமை ஒன்று அன்சாரியின் தோளில் விழுந்தது. அதுதான் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா. 1920-இல் அலிகரில் தொடங்கி 1925-இல் டெல்லிக்கு மாறிய அந்தக் கல்வி நிறுவனம், பிரிட்டிஷ் அரசின் உதவியை வேண்டாம் என்று மறுத்தது. ஆகவே ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திண்டாடியது. 1928 முதல் தம் மரணம்வரை அன்சாரி அதன் வேந்தராக இருந்தார். டாக்டர் ஜாகிர் உசேன் போன்றவர்கள் உள்ளே நின்று நடத்த, இவர் வெளியே நிதி திரட்டினார். துருக்கியில் ஏற்பட்ட தொடர்புகளும் ஜாமிஆவுக்குப் பயன்பட்டன. பால்கன் போரில் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி ரவூஃப் பேயும், எழுத்தாளர் காலிதே எதிபும் 1930களில் ஜாமிஆவுக்கு வந்து உரையாற்றினார்கள்.

தரியாகஞ்சில் இருந்த அவருடைய இல்லத்தின் பெயர் தாருஸ்ஸலாம். காந்தியடிகள் டெல்லி வரும்போது அங்கே தங்குவதுண்டு. 1931-இல் இர்வின் பிரபுவுடன் பேச்சுவார்த்தை நடந்த நாட்களிலும் அங்கேதான் தங்கினார். விடுதலைப் போராட்டத்தில் அன்சாரி சிறைக்கும் சென்றார்.

இவ்வளவுக்கும் இடையே அவர் மருத்துவத்தை விடவில்லை. ஐரோப்பா சென்று வியன்னா, பாரிஸ் மருத்துவர்களிடம் புதிய முறைகளைப் பார்த்து வந்தார். விலங்குகளின் திசுக்களை மனித உடலில் ஒட்டி இளமையை மீட்கும் முறை அப்போது ஐரோப்பாவில் பரபரப்பாகப் பேசப்பட்டது. அதை டெல்லியில் செய்து பார்த்து, ஒரு நூலும் எழுதினார். பின்னாளில் மருத்துவ உலகம் அந்த முறையைக் கைவிட்டது. ஆயினும் ஐம்பது வயதைத் தாண்டியும் மாணவரைப் போலக் கற்க நினைத்த அவரது ஆர்வம் நாம் கவனிக்கத் தக்கது.

1936 மே 10 அன்று, முசோரியிலிருந்து டெல்லிக்கு ரயிலில் திரும்பும் வழியில் மாரடைப்பால் அன்சாரி காலமானார். வயது 55. அவர் வளர்த்த ஜாமிஆவின் மண்ணிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

வெளிநாடு சென்ற மருத்துவர் திரும்பி வர வேண்டுமா, அங்கேயே இருக்கலாமா என்ற விவாதம் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. குடும்பச் சூழலும் கடனும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. அதில் யாரையும் குறை சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் அன்சாரியின் வாழ்க்கை நம்மிடம் வேறொரு கேள்வி கேட்கிறது. பிறர் கொடுத்த உதவித்தொகையில் படித்த அவர், பிற்காலத்தில் பிறர் படிப்பதற்காகக் கையேந்தினார். எந்த ஊரில் இருந்தாலும், ஓர் ஏழை மாணவரின் கட்டணத்தைக் கட்டவோ, தேர்வுக்கு வழிகாட்டவோ, விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு நாள் இலவச முகாமில் அமரவோ நம் மருத்துவர்களால் முடியும். நமக்குக் கிடைத்ததை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோமா என்பதே நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.