துடுப்புப் பிடித்த கை: ஆண்ட்ரூ இர்வின்

மலர்க் குழுவினர் இந்த வருஷமும் என்னை விடவில்லை. போன தடவை விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதித் தப்பித்தேன். இந்தத் தடவை ஒரு பிரபலமானவரின் வாழ்க்கை வேண்டும், அது கல்லூரி சம்பந்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் 22 வயதில் இறந்துபோன ஒரு கல்லூரி மாணவர். உலகம் அவரை எவரெஸ்ட் வீரர் என்று அறியும். ஆனால் அவர் முதலில் ஒரு படகுக்காரர்.

இளம்பிள்ளையில் தறி போட்டிருக்கிறவனுக்கும் இங்கிலாந்துப் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நாம் பார்த்த படகெல்லாம் பூலாம்பட்டியில் காவிரியைக் கடக்கும் படகும், ஏற்காடு ஏரிப் படகும்தானே! சம்பந்தத்தைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாம் வருஷத்தில் காற்றழுத்தப் பாடம் நடத்தும்போது நம் இயற்பியல் பேராசிரியர் இந்தக் கதையின் வாலை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தலை எது என்று தேடிப் படித்தது பிற்பாடுதான்.

தலை என்பது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகுக் குழு. 1829-ல் ஆக்ஸ்போர்டில் படித்த சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த்தும், கேம்பிரிட்ஜில் படித்த சார்லஸ் மெரிவேலும் பள்ளித் தோழர்கள் என்ற உரிமையில் ஆரம்பித்து வைத்தது இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான படகுப் போட்டி. முதல் போட்டியில் ஜெயித்தது ஆக்ஸ்போர்டு. பின்னாளில் லண்டனில் தேம்ஸ் நதியில் பட்னி முதல் மார்ட்லேக் வரை சுமார் 6.8 கிலோமீட்டர் தூரம் என்று நிலைத்தது. இந்த மோகம் வெள்ளைக்காரர்களோடு நம் பக்கமும் வந்தது. சென்னை அடையாற்றங்கரையில் உள்ள மெட்ராஸ் போட் கிளப் 1867-லேயே தொடங்கியதுதான்.

இந்தப் படகில் துடுப்புப் போடுகிறவர்கள் எட்டுப் பேர், சுக்கான் பிடிக்க ஒருவர். துடுப்புப் போடும் எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. முன்னால் இருப்பவனின் முதுகைப் பார்த்து, எட்டுத் துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழ வேண்டும். ஒருத்தர் தனியாகப் பேர் வாங்க இதில் வழியே இல்லை.

இர்வின் 1902 ஏப்ரல் 8-ல் பர்கன்ஹெட் என்ற ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். வெளுத்த தலைமுடி காரணமாக வீட்டில் கூப்பிட்ட பெயர் சாண்டி. ஷ்ரூஸ்பரி பள்ளியில் படிக்கும்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. சுற்றும் விசிறியில் குண்டு படாமல் விமானத்திலிருந்து துப்பாக்கி சுடுவதற்கு ஒரு பொறியை வரைந்து போர் இலாகாவுக்கே அனுப்பிவைத்தாராம் இந்தப் பள்ளிக்கூடப் பையன். 1919-ல் ஹென்லி படகுப் போட்டியில் அவர் இருந்த பள்ளி அணி கோப்பை வாங்கியது.

பிறகு ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரி. படித்தது பொறியியல். 1922-ல் பல்கலைக்கழகப் படகில் இடம் கிடைத்தது. அந்த வருஷம் தோல்வி. 1923-ல் மறுபடி இறங்கினார்கள். முக்கால் படகு நீளத்தில் ஆக்ஸ்போர்டு ஜெயித்தது. இது சின்ன விஷயம் இல்லைங்க. 1914 முதல் 1936 வரை நடந்த 18 போட்டிகளில் ஆக்ஸ்போர்டு ஜெயித்தது அந்த ஒன்றே ஒன்றுதான்.

அதே வருஷம் வட துருவப் பக்கம் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மெர்ட்டன் கல்லூரிக் குழு போனது. அங்கே கூட இருந்த ஒடெல் என்ற புவியியலாளர் இந்தப் பையனின் உடல் வலுவையும், எதையும் பழுது பார்க்கும் கையையும் கவனித்தார். அவர் சிபாரிசில்தான் 1924 எவரெஸ்ட் குழுவில் இர்வினுக்கு இடம். பெரிய மலை ஏறிய அனுபவம் குறைவு என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள்.

கப்பலில் பம்பாய், அங்கிருந்து டார்ஜிலிங், பிறகு திபெத் வழியாக நடை. கொண்டுபோன பிராணவாயுக் கருவிகள் ஒழுகின, கனத்தன. இர்வின் அவற்றைப் பிரித்து, எடையைக் குறைத்து, புதிதாகவே செய்த மாதிரி கோர்த்தார். அடுப்பு, டார்ச், காமிரா என்று எது கெட்டாலும் அவர் கூடாரத்துக்குத்தான் வரும். சுமை தூக்கும் ஷெர்ப்பாக்கள் ஒரு பனிச் சுவரில் ஏறத் தவித்தபோது கயிற்றேணி கட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

உச்சிக்குக் கடைசி முயற்சி செய்த மல்லோரி, அனுபவசாலியான ஒடெலை விட்டுவிட்டு இர்வினைத் துணைக்கு எடுத்தார். கருவியைச் சரிபார்க்கத் தெரிந்த கை வேண்டும் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. மல்லோரியும் கேம்பிரிட்ஜில் தன் கல்லூரிப் படகு அணிக்குத் தலைவராக இருந்தவர். எதிரெதிர்ப் படகுக்காரர்கள் இருவர் ஒரே கயிற்றில்! அவர்கள் கையில் இருந்ததாகச் சொல்லப்படும் காமிரா டாக்டர் சாமர்வெல்லுடையது. நம் குமரி மாவட்டம் நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல்லாண்டு வைத்தியம் பார்த்தாரே, அவரேதான்.

1924 ஜூன் 8, மதியம் 12.50. மேகம் விலகிய ஒரு கணத்தில் மலை முகட்டில் இரண்டு புள்ளிகள் மேலே நகர்வதை ஒடெல் பார்த்தார். மேகம் மூடியது. அவ்வளவுதான்.

1933-ல் இர்வினின் பனிக்கோடரி கிடைத்தது. 1999-ல் மல்லோரியின் உடல் கிடைத்தது. இர்வின் கிடைக்கவே இல்லை. நூறு வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில் ரோங்பக் பனியாற்றில் ஒரு பூட்ஸும் அதற்குள் ஒரு காலும் தென்பட்டன. காலுறையில் தைத்திருந்த துணித் துண்டில் அவர் பெயர். குடும்பத்தாரின் மரபணுவோடு ஒப்பிட்டு 2025-ல் உறுதி செய்தார்கள். காமிரா கிடைக்கவில்லை. உச்சியைத் தொட்டார்களா என்பது இன்றும் யாருக்கும் தெரியாது.

பெயர் தைத்த அந்தத் துணித் துண்டைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் செட்டில் எங்கள் ஊர்ப் பையன் இன்னொருவன் இருந்தான். விடுதி மோட்டார் நின்றால் அவன்தான், லேபில் மீட்டர் ஓடாவிட்டாலும் அவன்தான். என்னோடு கஞ்சமலை ஏறியவன். இரண்டாம் வருஷம் முடியும்போது அப்பா தவறிப்போக, படிப்பை விட்டுத் தறிக்குப் போய்விட்டான். கடைசி வருஷக் குரூப் போட்டோவில் அவன் இல்லை. இன்றைக்கும் என் தறி நின்றால் வந்து ஓடவைப்பது அந்தக் கைதான். ஆனாலும் இத்தனை வருஷமாக நடந்த சந்திப்புகளுக்கு நான் அவனைக் கூப்பிட்டதில்லை. பட்டம் வாங்காதவன்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தப்பு என்னுடையது.

இந்த வருஷம் போய்க் கூப்பிட்டேன். முதலில் தயங்கினான், அப்புறம் சரி என்றான். வருகிறான். நண்பர்களே, இந்தத் தடவை போட்டோ எடுக்கும்போது அவனை நடுவில் உட்கார வையுங்கள். கீழே பெயர் அச்சடிக்கும்போது அவன் பெயர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தால் கையோடு கூட்டிவாருங்கள் என்று கேட்டு முடிக்கிறேன்.