முதனிலைத் தேர்தலும் இரட்டைமலையாரும்

செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசனார், 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் நின்று, நம் மக்களுக்குத் தனி வாக்காளர் முறை கோரினார்.

1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தம் அதனைக் கைவிட்டது. அன்னாரும் அதில் கையொப்பமிட்டார். சென்னை மாகாணத்திற்கு 30 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அமெரிக்கக் கட்சிகள் வேட்பாளரைத் தேர முதனிலைத் தேர்தல் நடத்துவதுபோல், ஒவ்வோர் இடத்திற்கும் முதலில் நம் வாக்காளர் மட்டும் நால்வரைத் தேர்ந்தெடுக்கலாம். பின்னர் பொதுத் தொகுதி வாக்காளர் அனைவரும் அவருள் ஒருவரைத் தெரிவு செய்வர். இறுதித் தீர்ப்பு பிறரிடம் இருந்தது குறையே. எனினும் வென்றவர் நாம் காட்டியவராகவே இருந்தார்.

இரட்டைமலையார் 1945இல் மறைந்தார். 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் ஒதுக்கீடு நிலைத்தது; முதனிலைத் தேர்தல் இடம்பெறவில்லை. இன்று வேட்பாளரைக் கட்சித் தலைமையே பெரும்பாலும் முடிவு செய்கிறது. பாகலூர் இளைஞர்களே, வாக்களிப்பதோடு அமையாது, வேட்பாளரைத் தேரும் அவையிலும் இடம்பெறக் கற்றுயருங்கள்.