செங்குன்றத்தில் தண்டவாளம் போட்ட காட்டன் துரை



இந்த மாதம் நான் சர் ஆர்தர் காட்டன் அவர்களின் வாழ்க்கையை எழுதுகிறேன். ஆந்திரா பக்கம் சொந்தக்காரங்க இருக்கிற வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீங்க. எங்க அம்மாவோட சித்தி ராஜமுந்திரியில் இருக்காங்க. அங்கே ஊருக்கு ஊர் இவருக்குச் சிலை இருக்கு, மாலை போடுவாங்க, காட்டன் தொர என்றுதான் சொல்வாங்க என்று சொல்லியிருக்காங்க. ஒரு வெள்ளைக்காரருக்கு எதுக்கு மாலை என்று நான் அப்போ நினைச்சேன்.

இவரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது வேறு காரணத்தால். போன வருஷம் ஒரு வினாடி வினா போட்டியில், இந்தியாவில் முதன்முதலில் ரயில் பாதை போட்ட ஊர் எது என்று கேட்டார்கள். நான் செங்குன்றம் என்று எழுதினேன், தப்பு என்று அடித்துவிட்டார்கள். பம்பாய் - தானா, 1853-ம் ஆண்டு என்பதுதான் சரியான விடையாம். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்புறம் விசாரித்ததில் ரெண்டு பேர் சொன்னதும் சரி என்று தெரிந்தது. 1853 ஏப்ரல் 16 அன்று ஓடியது, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடிய முதல் ரயில். செங்குன்றத்தில் 1837-ம் ஆண்டிலேயே ஓடியது கல் ஏற்றும் வண்டி. கேள்வியில் பயணிகள் ரயில் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் எனக்கு ஒரு மார்க் போயிருக்காது. சரி, போகட்டும். அந்தக் கல் வண்டிப் பாதையைப் போட்டவர்தான் காட்டன். அதனால்தான் இந்த வருஷ அறிவியல் கண்காட்சிக்கு நாங்கள் நாலு பேர் அந்த ரயிலையே மாடலாகச் செய்தோம்.

காட்டன் 1803-ம் ஆண்டு மே மாதம் 15-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். அவர் வீட்டில் பதினோரு ஆண் பிள்ளைகள், இவர் பத்தாவது. (அந்த அம்மாவை நினைச்சுப் பாருங்க!) பதினைந்து வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். அதாவது நம்ம பத்தாம் வகுப்பு அண்ணன் வயசு. 1821-ல், பதினெட்டு வயசில், பொறியாளர் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்து இறங்கினார். முதலில் பாம்பன் கால்வாயில் கப்பல் போக வழி செய்ய முடியுமா என்று அளந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். நடுவில் பர்மா சண்டைக்கும் போய்வந்தார்.

1828-ல் காவிரி அவர் பொறுப்புக்கு வந்தது. அப்போது தஞ்சாவூர் நிலைமை ரொம்ப மோசம். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது இல்லையா? கொள்ளிடம் பள்ளமாக இருப்பதால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடிவிடும். காவிரியில் மணல் மேடு தட்டிப்போய் வயல்கள் காய்ந்தன. காட்டன் கல்லணைக்குப் போய் அதை நன்றாகப் பார்த்தார். கரிகாலன் காலத்து ஆட்கள் ஆற்று மணலில் பாறையே தேடவில்லை. பெரிய பெரிய கல்லைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கல் மணலில் இறங்கி இறங்கி, கடைசியில் இறங்காமல் நின்றது. அதன்மேல் களிமண் வைத்துக் கட்டினார்கள். மணல்மேல் அணை நிற்கும் என்ற ரகசியத்தை இங்கேதான் கற்றுக்கொண்டேன் என்று காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு இவரைப் பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். படித்த இன்ஜினியர், ஆளுகிற நாட்டுக்காரர், நம்ம பழைய ஆட்களிடம் பாடம் கேட்டேன் என்று சொல்லியிருக்கார். அந்தப் பாடத்தை வைத்து 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார், அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். அந்த மேலணை 180 வருஷத்துக்கு மேல் நின்றது. 2018 ஆகஸ்டு மாத வெள்ளத்தில்தான் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. இப்போது அங்கே புது அணை கட்டியிருக்கிறார்கள்.

இதே சமயத்தில்தான் நம்ம மாவட்டத்துக் கதை நடக்கிறது. சென்னையில் சாலை போடக் கல் வேண்டும். கல் செங்குன்றத்தில் இருக்கிறது. மாட்டு வண்டியில் ஏற்றினால் மழைக்காலத்தில் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும். இரும்புப் பாதை போட்டு அதன்மேல் வண்டியை உருட்டினால் கொஞ்ச பலத்திலேயே நிறைய பாரம் இழுக்கலாம் என்று காட்டன் சொன்னார். அந்தக் காலத்தில் இதை யாரும் நேரில் பார்த்ததில்லை, அப்புறம் எப்படி நம்புவாங்க? அதனால் 1836-ல் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துப் பக்கம் சின்னதாக ஒரு துண்டுத் தண்டவாளம் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார்கள். அதுவும் ஒரு மாடல்தானே! மறு வருஷம் செங்குன்றம் பாதையில் கல் வண்டிகள் ஓடின. ஏவரி என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த சுழல் நீராவி இன்ஜினை அதில் வைத்துப் பார்த்தார்கள் என்று சொல்கிறார்கள். அந்த இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. தீபாவளிக்கு விடுகிற சங்குச்சக்கரம் எப்படிச் சுத்துது? நெருப்பு ஒரு பக்கம் பீய்ச்ச, சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தும். அதே மாதிரி ஒரு கையின் ரெண்டு நுனியிலும் நீராவி பீய்ச்சி அடிக்க, கை சுத்தும். நம்ம பாடத்தில் நியூட்டனின் மூன்றாம் விதி, ஞாபகம் இருக்கா? சத்தம் காதைக் கிழிக்குமாம். அந்த வகை இன்ஜின் அப்புறம் வழக்கத்தில் நிலைக்கவில்லை.

எங்கள் மாடலைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். கடையில் விற்கிற பொம்மை ரயிலை வாங்கவில்லை, எல்லாம் நாங்களே செய்தது. ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டோம். தண்டவாளத்துக்குத் தென்னை ஈர்க்கு, கட்டைகளுக்குத் தீக்குச்சி, கல் வண்டிக்குத் தீப்பெட்டி, சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான். பாய்லர் நூல்கண்டு உருளை. முதல் தடவை வண்டி ஓடவே இல்லை, தள்ளினால் கவிழ்ந்தது. கணக்கு டீச்சர் வந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தாங்க. ஒரு பக்கம் ஈர்க்கு தடியாகவும் நுனிப் பக்கம் மெல்லிசாகவும் இருந்ததால் ரெண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி போகப் போக மாறியிருந்தது. ரெண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஓர் அட்டையை அளவாக வெட்டி அதை நடுவில் வைத்து நகர்த்தி நகர்த்தி மறுபடி ஒட்டினோம். அப்பத்தான் ஓடிச்சு. நம்ம எளாவூர் ஸ்டேஷன் பக்கம் லைனில் வேலை செய்கிறவங்க ஒரு கம்பியை வைத்துத் தண்டவாளத்தை அளப்பது எதுக்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, காட்டனுக்கு வருவோம். அவருக்கு உடம்பு அடிக்கடி கெட்டுப்போகும். லீவில் ஆஸ்திரேலியா பக்கம் போனபோது டாஸ்மேனியாவில் 1841-ல் கல்யாணம் நடந்தது. திரும்பி வந்ததும் அவரைக் கோதாவரிக்கு அனுப்பினார்கள். 1833-ம் ஆண்டுப் பஞ்சத்தில் குண்டூர்ப் பக்கம் மட்டும் லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் செத்துப்போயிருந்தார்கள். அவ்வளவு பெரிய ஆறு பக்கத்திலேயே கடலுக்கு ஓடுது, ஜனங்க பசியில் சாகிறாங்க! காட்டனால் இதைத் தாங்க முடியவில்லை. 1847-ல் தவளேஸ்வரத்தில் அணை வேலை ஆரம்பித்தது. நடுவில் தீவுகளை விட்டு நாலு துண்டாக அணை. மணலில் கிணறு இறக்கி, அதன்மேல் கட்டினார்கள். பக்கத்துக் குன்றில் கல்லை உடைத்து, தண்டவாளம் போட்டு வண்டியில் ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். செங்குன்றத்தில் செய்து பார்த்த அதே வேலை! வீரண்ணா என்ற நம்ம நாட்டு உதவியாளர்தான் ஆயிரக்கணக்கான கூலியாட்களை வைத்து வேலை வாங்கினார். அவர் இல்லாவிட்டால் அணை இல்லை. 1852-ல் வேலை முடிந்தது. கட்டின நீளம் மட்டும் சுமார் 12,000 அடி. எங்கள் அளவில் அதை மாடல் செய்தால் 120 மீட்டர் வரும், நம்ம ஸ்கூல் கிரவுண்டு பத்தாது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இந்தியாவில் முதலில் தண்டவாளம் போட்ட இதே மனுஷர், பிறகு வாழ்நாள் முழுக்க ரயிலை எதிர்த்தார்! 1853-க்கு அப்புறம் அரசாங்கம் கோடிக்கணக்கில் ரயிலுக்குக் கொட்டியது. காட்டன் அந்தப் பணத்தில் கால்வாய் வெட்டச் சொன்னார். கால்வாயில் படகும் போகும், வயலுக்குத் தண்ணீரும் பாயும், படகுக்கு ஆகும் செலவும் கம்மி. ரயில் அரிசியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும், விளைய வைக்காது. இதுதான் அவர் கட்சி. ஆறுகளை எல்லாம் கால்வாயால் இணைக்கலாம் என்றும் அப்போதே திட்டம் போட்டார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பயங்கரப் பஞ்சம் வந்தது. அப்போது ரயில் இருந்தது, ஆனாலும் லட்சக்கணக்கில் செத்தார்கள். 1878-ல் லண்டனில் ஒரு பாராளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்தது. அப்போது அவருக்கு 75 வயது. அவர் யோசனைப்படி கர்னூலிலிருந்து கடப்பாவுக்கு வெட்டின கால்வாய் நஷ்டத்தில் போனதைச் சொல்லிச் சொல்லியே மடக்கினார்கள். அவர் கணக்கு எல்லா இடத்திலும் சரியாக வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் கோதாவரியில் சரியாக வந்ததே!

எங்கள் குழுவில் இதைப் பற்றிச் சண்டையே வந்துவிட்டது. ரயிலை எதிர்த்தவரின் ரயிலை எதுக்குச் செய்யணும் என்று என் தோழி கேட்டாள். என் அப்பா தினமும் ரயிலில்தான் வேலைக்குப் போறார், ரயில் இல்லாவிட்டால் எங்க வீட்டில் சோறு இல்லை. அதே நேரம், கோதாவரித் தண்ணீரில் விளைந்த அரிசி மூட்டை ரயிலில்தானே வருகிறது? செங்குன்றம் என்றால் இன்றைக்கு ரைஸ் மில்தான் எல்லாருக்கும் தெரியும். காட்டன் ரயிலா கால்வாயா என்று கேட்டார். ரெண்டும் வேணும் என்று ஏன் அவருக்குத் தோணலை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் அவர் பார்த்த பஞ்சத்தை நான் பார்க்கலையே.

வேலையிலிருந்து 1860-ல் ஓய்வு பெற்றார், மறு வருஷம் சர் பட்டம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் இருந்தார். வயசானபின்பும் சும்மா உட்காரவில்லை. மண்ணை ஆழமாகக் கொத்திக் கோதுமை போட்டால் கூடுதலாக விளையுமா என்று சோதனை செய்துகொண்டிருந்தார். 1899 ஜூலை 24 அன்று 96-வது வயதில் காலமானார். விஜயவாடாவையும் சென்னையையும் இணைக்கும் ரயில் பாதை, அதாவது நம்ம ஊர் வழியாகப் போகிற இதே லைன், திறந்ததும் அந்த 1899-ல்தான். தவளேஸ்வரத்தில் பழைய அணை இருந்த இடத்தில் இப்போது இருக்கிற புது அணைக்கு அவர் பெயர்தான். அங்கே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. மே லீவில் சித்திப் பாட்டி வீட்டுக்குப் போனால் கூட்டிப்போகச் சொல்லியிருக்கேன்.

மாடல் ஆறாம் வகுப்பு அறை ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறது. ஓடுவது நாலு வண்டி, ஐந்தாவதுக்குப் பொத்தான் கழன்றுவிட்டது. பார்க்கிறவர்கள் கல்லை மட்டும் எடுத்துப் பாருங்கள், இன்ஜினைப் பிடித்து இழுக்க வேண்டாம், பெவிகால் இன்னும் காயவில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவி,
எளாவூர்