கலாயோகி கண்ட கனத்த கல்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை, நடராசர் திருவுருவின் உட்பொருளை உலகுக்கு விரித்துரைத்த கலைஞானியாகவே நம் மாணவர் அறிவர். அன்னார் கற்களை ஆராய்ந்து திரிந்த காலமும் ஒன்று உண்டு. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

1877 ஆகஸ்டு 22 இல் கொழும்பிற் பிறந்தார். தந்தையார், அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலப்படுத்திய சேர் முத்து குமாரசுவாமி. தாயார் எலிசபெத் ஆங்கில மாது. தந்தையார் 1879 இல் மறைந்தபோது மைந்தருக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் கற்றுத் தேறி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் பணிப்பாளராக விளங்கினார்.

அக்காலத்தில், 1904 இல், பலாங்கொடைப் பக்கத்து மணிக்கற் சரளையிலிருந்து கரிய கனசதுர மணிகள் சில அவர் கருத்தை ஈர்த்தன. அளவிற் சிறியவை, இரும்பினும் கனத்தவை.

கனம் என்பதைக் கையால் மட்டும் அறிதல் போதாது. கல்லைத் தராசில் இட்டுத் திணிவை அறிதல் வேண்டும். பின்பு அளவுக்குழாயில் நீர் வார்த்து, கல்லை அதனுள் அமிழ்த்தினால் நீர் உயரும் அளவே அதன் கனவளவு. திணிவைக் கனவளவால் வகுக்க அடர்த்தி வரும். 97 கிராம் கல் 10 கன சென்ரிமீற்றர் நீரை உயர்த்துமாயின் அடர்த்தி 9.7. வெண்மணற் பளிங்குக்கு இது 2.65, இரும்புக்கு 7.87, ஈயத்துக்கு 11.3. பலாங்கொடைக் கல் இரும்புக்கும் ஈயத்துக்கும் இடைப்பட்டு, 9.7 அளவில் நிற்பது. (தமிழ்நாட்டு நூல்களில் நிறை என்பது நாம் திணிவு என்பதையே குறிக்கும், நமக்கோ நிறை வேறு. இரு கரை நூல்களையும் படிக்கும் மாணவர் மயங்குவது அவர்கள் குற்றமன்று.)

நிற்க. குமாரசுவாமி அக்கல்லை முதலில் யுரேனினைற் என்றே கொண்டார். அது வியப்பன்று. அதன் அடர்த்தியும் இதனை ஒட்டியதே. நிறமும் வடிவும் ஒத்தனவே. இலண்டனில் டன்ஸ்ரன் என்பார் இரசாயன முறையாற் பகுத்தபோதுதான், அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு எனத் தெளிவாயிற்று. தோரியனைற் என்னும் புதுப்பெயரும் கிடைத்தது. அட்டவணையில் எண் பொருந்தியவுடன் பொருளின் பெயரைக் கண்டுவிட்டதாக எண்ணும் மாணவருக்கு யான் இக்கதையையே சொல்வதுண்டு.

கல்லைத் தேடிச் சென்ற ஊர்களிலே கைவினைகள் நலிவதைக் கண்டு அவர் மனம் கலைகளின்பாற் சென்றது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908 இல் வெளிவந்தது. 1917 முதல் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் பணியாற்றி, 1947 செப்தெம்பர் 9 இல் அமெரிக்காவிலேயே மறைந்தார்.

சென்ற ஆண்டு விஞ்ஞான ஆசிரியர் விடுப்பில் நின்றமையால் அவர் வகுப்பு என் தலையில் விழுந்தது. கொக்கிளாய்க் கரையின் கரிய மணலைப் பிள்ளைகளுடன் நிறுத்தேன். இல்மனைற்றின் அடர்த்தி 4.7 அளவில் இருத்தல் வேண்டும்; எமக்கு 4.1 வந்தது. வெண்மணல் கலந்திருந்தது, மணலிடையே காற்றுக்குமிழிகளும் ஒட்டியிருந்தன. மீண்டும் நிறுப்பதற்கென ஒரு போத்தல் மணல் எங்கள் அலுமாரியில் இருக்கிறது.