கத்தியின்றிக் கால் காத்த சார்லஸ் டாட்டர்

செய்யாற்றங்கரையிலுள்ள எமதூராகிய மாகறலில், வரப்பின்மீது சிறிது தூரம் நடந்தவுடன் கெண்டைக்கால் வலித்து உட்கார்ந்து, வலி தீர்ந்தபின் மீண்டும் எழுந்து நடக்கும் முதியோரைக் காணலாம். முதுமைத் தளர்ச்சியெனக் கருதி அவர்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், காலுக்கு இரத்தங் கொண்டு செல்லும் தமனியின் உட்புறத்தே கொழுப்புப் படிந்து வழி குறுகுவதாலும் இத்தகைய வலி தோன்றும். புகை பிடித்தலும் நீரிழிவும் அந்நோயை வளர்க்கும். அடைப்பு முற்றின், புண் ஆறாது. விரல் கறுத்து அழுகும். இறுதியில் காலையே வெட்ட நேரும். இத்துன்பத்திற்கு உடலைப் பெரிதும் அறுக்காத ஒரு வழியைக் கண்ட பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சார்லஸ் டாட்டர் என்பார் 1920-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆந் தேதி அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரிற் பிறந்தார். இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதில் இளமையிலேயே அவர்க்குப் பெருவேட்கை உண்டு. ட்யூக், கார்னெல் சர்வகலாசாலைகளிற் பயின்று வைத்தியரான அவர், 1952-இல், தமது 32-ஆம் வயதிலேயே, போர்ட்லந்து நகரிலிருந்த ஆரிகன் வைத்தியக் கல்லூரியில் எக்ஸ்ரே இலாகாவின் தலைவராய் அமர்ந்தார்.

எக்ஸ்ரே வைத்தியர் நோயைப் படம் பிடித்துக் காட்டுவர். அதனைத் தீர்ப்பவர் பிறர். இதுவே அக்கால வழக்கம். 1963-இல் டாட்டர் நோயாளி ஒருவரைப் படமெடுக்கும் பொருட்டுத் தமனியினுள் மெல்லிய குழலொன்றைச் செலுத்தினார். அக்குழல் எதிர்பாராவண்ணம் அங்கிருந்த அடைப்பை ஊடுருவி வழி திறந்தது. பிறர் தற்செயலென விட்டிருப்பர். அவரோ, படமெடுக்கும் கருவியே நோயையும் தீர்க்குமென உணர்ந்தார்.

1964-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ஆந் தேதி அவ்வெண்ணம் சோதனைக்கு வந்தது. 82 வயதான மூதாட்டி ஒருவரின் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுத்துவிடுமாறு வைத்தியர் கூறியும் அவ்வம்மையார் இசைந்திலர். டாட்டர் அவருடைய தொடைத் தமனியிற் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியொன்றைக் குறுகிய இடத்தின் வழியே செலுத்தி, அதன்மேல் சிறு குழலையும், பின்னர்ப் பெருங்குழலையும் ஏற்றி வழியை அகலப்படுத்தினார். குளிர்ந்திருந்த பாதம் வெம்மையுற்றது, வலி நீங்கியது. முன்னரே உயிரற்றுப்போன விரல்கள் மூன்று உதிர்ந்தனவேனும் கால் பிழைத்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகட்குப்பின் வேறொரு நோயால் இறக்குமளவும் அவருடைய அத்தமனி அடைபடவில்லை.

அவ்வாண்டிலேயே டாட்டர், மெல்வின் ஜட்கின்ஸ் என்பாருடன் இம்முறையை வெளியிட்டார். சொந்த நாட்டு இரணவைத்தியர் பலரும் அவரைப் பித்தரென இகழ்ந்தனர். படம் மட்டும் எடுக்குமாறும், நோயைத் தீர்க்க முயல வேண்டாமென்றும் எழுதி நோயாளியை அனுப்பியவரும் உளர். ஐரோப்பிய வைத்தியரோ அதனை ஆர்வத்துடன் கைக்கொண்டனர். 1974-இல் ஆன்ட்ரியாஸ் குருயன்ட்சிக் என்பார் குழலின் நுனியிற் சிறு பலூனை அமைத்து அம்முறையைத் திருத்தினார். தமனி மீண்டும் சுருங்காதிருக்க டாட்டர் 1969-இல் நாய்களின் தமனிகளில் வைத்துச் சோதித்த கம்பிச் சுருள், இக்காலத்து ஸ்டென்டுக்கு முன்னோடியாயிற்று.

பிறரை நடக்கச் செய்த அவர், தாமும் மலையேறுதலிற் சிறந்தவர். புற்றுநோயும் இருதய நோயும் வருத்தியும் ஊக்கம் தளர்ந்திலர். 1978-இல் நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1985-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15-ஆந் தேதி, இலாகாத் தலைவராயிருந்தபடியே காலமானார்.

இன்று நம் தமிழ்நாட்டிலும் பெரிய வைத்தியசாலைகளில் இம்முறை நடைபெறுகின்றது. அது எல்லார்க்கும் பொருந்துவதன்று. சிலர்க்கு இரணசிகிச்சை இன்றியமையாததே. எனினும், காலந்தாழ்த்தாது வருவோரின் கால்கள் பல காக்கப்படும். ஆதலின், நண்பர்காள், விடுமுறையில் ஊர் செல்லும்போது, நடக்கையில் வலித்து நிற்கையில் நீங்கும் கால்வலியை நும் பாட்டனார் கூறின், அதனை முதுமையென்று தள்ளாது, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். டாட்டருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன் அதுவே.