ஜிடிபி கணக்குக்குப் பின்னால் இருந்தவர்: யார் இந்த வி.கே.ஆர்.வி.ராவ்?

மூணு மாசத்துக்கு ஒருமுறை ஜிடிபி எண் வரும். நீங்களும் போன்ல பார்த்துட்டு ஸ்க்ரோல் பண்ணிடுவீங்க. ஆனா, நாடு மொத்தமா எவ்வளவு சம்பாதிக்குதுன்னு பிரிட்டிஷ் ஆட்சி முறையாகக் கணக்கிட்டதே இல்லை. தாதாபாய் நௌரோஜி போன்ற தனிநபர்கள் போட்ட மதிப்பீடுகள்தான் இருந்தன.

இந்த இடத்துலதான் வி.கே.ஆர்.வி.ராவ் வர்றார். 1908-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது, பிரிட்டிஷ் இந்தியாவின் 1931-32 தேசிய வருமானம். சிக்கல் என்னன்னா, தரவு போதாது. வயலில் விளைந்ததற்கு ஓரளவு புள்ளிவிவரம் உண்டு. முடி திருத்துபவர், வீட்டு வேலை செய்பவர், சின்னக் கடைக்காரர் வருமானத்தை எங்கே போய்த் தேடுவீங்க? ராவ் கணக்கையே இரண்டாகப் பிரிச்சார். விவசாயம் போன்றவற்றுக்கு உற்பத்தியின் மதிப்பு. சேவைகளுக்கு, அதில் எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு வருமானம் என்ற கணக்கு. எக்செல் இல்லாத காலம், மறந்துடாதீங்க!

1949-ல் மத்திய அரசு தேசிய வருமானக் குழுவை அமைத்தது. மஹலனோபிஸ் தலைவர், ராவும் காட்கிலும் உறுப்பினர்கள். அந்தக் குழுவும் இப்படி இரண்டு முறைகளைக் கலந்துதான் கணக்கிட்டது. அதே ஆண்டில் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸையும் தொடங்கினார் ராவ். ஏழை நாடுகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தர ஐ.நா.வில் ஒரு அமைப்பு வேணும்னு அவர் வைத்த யோசனைக்கு மட்டும் பணக்கார நாடுகள் இசையவில்லை. 1960-ல் அது வேறு வடிவில், உலக வங்கிக்குள் ஐடிஏ-வாக வந்தது.

1967-ல் பெல்லாரி எம்.பி. முதலில் கப்பல், போக்குவரத்து. 1969-ல் கல்வி அமைச்சர். காலேஜ்ல என்எஸ்எஸ் கேம்ப் போனவரா நீங்க? 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் அதைத் தொடங்கியவர் இவர்தான். என்னைக் கேட்டா, அமைச்சராக அவர் விட்டுச் சென்றதில் அதிகம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது இதுதான்.

1971-ல் பெல்லாரி மறுபடி ஜெயிக்க வெச்சது. ஆனா அமைச்சரவையில் இடமில்லை. அடுத்த வருஷமே பெங்களூருவில் இன்னொரு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிட்டார்.

1991 ஜூலை 24, மன்மோகன் சிங்கின் தாராளமய பட்ஜெட். ராவ் தொடங்கிய டெல்லி ஸ்கூலில் ஒருகாலத்தில் பாடம் எடுத்தவர்தான் சிங். மறுநாள், 83 வயதில் ராவ் காலமானார்.